ஆற்றங்கரையும் அரசினர் கட்டடமும்

ரெம்பாவ் ஆறு லிங்கி ஆற்றோடு கூடும் இடத்திற்குச் சிம்பாங் என்று பெயர். கவர்வழி, சந்தி என்பது அம்மலாய்ச் சொல்லின் பொருள். 1879-ம் ஆண்டு ஜனவரித் திங்களில் இசபெல்லா பேர்ட் என்னும் ஆங்கிலப் பெண்மணி, மலாக்காவிலிருந்து சுங்கை ஊஜோங்கிற்கு இவ்வழியே நீர்ப்பயணம் செய்தார். 1883-ல் வெளிவந்த தம் பயண நூலில், இச்சந்தியில் தனித்து நின்ற காவல் நிலையம் ஒன்றை அவர் குறித்திருக்கிறார். ரெம்பாவின் எல்லையில் எழுந்த அரசினர் கட்டடங்களுள் ஏட்டில் பதிவான பழையவற்றுள் இதுவும் ஒன்று எனலாம்.

இரண்டு ஆறுகள் பெருகிவந்து மோதும் இடத்தில் காவல் நிலையம் ஏன் கட்டினார்கள் என்று இன்று கேட்கத் தோன்றும். அந்நாளில் கேட்டிருக்க மாட்டார்கள். ஆறே அன்று சாலை. சுங்கை ஊஜோங்கின் ஈயமெல்லாம் லிங்கி வழியேதான் கடலுக்கு இறங்கிற்று. ஆற்றை மறித்துச் சுங்கம் கேட்ட தலைவர்களுக்குள் ஓயாத பூசல். படகு போகும் இடத்தில் காவலர் இருந்தாக வேண்டும். வெள்ளம் வரும் என்பது தெரிந்தே, வேறு வழியின்றிக் கட்டிய கட்டடம் அது. பொதுப்பணிக் கட்டடங்களை வெள்ளநிலத்தில் எழுப்புவதற்கான விதிகளை ஆராய்வோர் முதலில் மனத்தில் கொள்ளவேண்டிய வேறுபாடு இது. சில கட்டடங்களுக்கு ஆற்றோரம் தவிர்க்க இயலாதது. படகுத்துறையும் நீரேற்று நிலையமும் குன்றின்மேல் இருந்தால் பயனில்லை. மற்றவை ஆற்றோரத்தில் இருப்பதற்குப் பெரும்பாலும் பழக்கமும் நிலத்தின் மலிவுமே காரணம்.

1891-ல் சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே இருப்புப்பாதை திறக்கப்பட்டது. 1903-ல் பிறையிலிருந்து சிரம்பான் வரை வண்டி ஓடிற்று. சில ஆண்டுகளில் பாதை ரெம்பாவையும் தம்பினையும் கடந்து தெற்கே கிம்மாஸ் வரை சென்றது. ஆறு சாலையாக இருந்த காலம் அதனோடு முடிந்தது. ஆனால் ஆற்றோரத்தில் கட்டும் பழக்கம் முடியவில்லை.

ரெம்பாவ் மலாய்க்காரர் பெரும்பாலும் சுமத்ராவின் மினாங்கபாவ் வழியினர். தாய்வழிச் சொத்துரிமையை வகுக்கும் அவர்களுடைய அடாட் பெர்ப்பாத்தே பற்றித் தமிழரும் ஓரளவு அறிவர். அவர்கள் ஊர் அமைக்கும் முறையோ அவ்வளவாக நம் கவனத்துக்கு வந்ததில்லை. பள்ளத்தாக்கின் அடித்தளம் முழுவதும் நெல்வயல். வயலை ஒட்டிக் குன்றின் அடிவாரத்தில் வரிசையாக வீடுகள். வீட்டுக்குப் பின்னால் சரிவில் பழமரத் தோப்பு. வீடும் தரையில் நிற்பதில்லை, தூண்களின்மேல் நிற்கும். செம்போங், கோத்தா, செங்காவ் பக்கம் சாலையில் செல்பவர் இன்றும் இவ்வமைப்பின் எச்சத்தைக் காணலாம். நீர் நிற்கும் இடம் நெல்லுக்கு. நீர் ஏறாத இடம் மனிதருக்கு. சட்டப் புத்தகம் எதிலும் எழுதாமலே தலைமுறை தலைமுறையாக நின்ற விதி இது.

தமிழகத்திலும் இதுவே வழக்கம். குடியிருப்பு நிலத்தை நாம் நத்தம் என்கிறோம். பழைய ஊர்களில் நத்தம் சுற்றியுள்ள நஞ்சையைவிட மேடாக இருப்பதை எவரும் கண்டிருப்பர். உத்தரமேரூரில் முதற் பராந்தகன் காலத்தில், 919, 921-ம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுக்கள் ஏரி வாரியத்தைப் பற்றிப் பேசுகின்றன. குடவோலைத் தேர்தலைப் பாராட்டும்பொழுது நாம் இந்த வாரியத்தின் வேலை யாது என்று நின்று நோக்குவதில்லை. ஏரியைக் காப்பது, கரையைப் பேணுவது, தூர் எடுப்பது போன்றவற்றுக்கு ஊராரே பொறுப்பாளரைத் தேர்ந்தெடுத்தனர். நீர் எங்கே தங்கவேண்டும் என்பது ஊர் ஆட்சியின் பொருளாக இருந்தது.

இந்நாட்டில் அவ்வெழுதா விதி குலைந்ததற்கு ஈயமும் ரப்பரும் காரணங்கள். ஈயம் தோண்டியோர் மண்ணைக் கழுவி ஆற்றில் விட்டனர். தோட்டங்கள் தொடங்கிய காலத்தில் மலைச்சரிவில் ஒரு புல்லும் இல்லாமல் களையெடுப்பதே நல்ல தோட்டத்தின் அடையாளம் என்று துரைமார் கருதினர். நம்மவர் கையில் மண்வெட்டியைக் கொடுத்துச் சரிவெல்லாம் சுரண்டச் செய்தனர். மழையில் மேல்மண் ஓடி ஆற்றில் இறங்கிற்று. ஆற்றின் அடித்தளம் உயர்ந்தது. வண்டலைக் கட்டுப்படுத்தத் தனிச் சட்டமே செய்ய நேர்ந்தது. படுகை உயர்ந்தால், முன்பு கரைக்குள் அடங்கிய அதே மழைநீர் கரை கடந்து ஊருக்குள் வரும். இதன் விளைவு எவ்வளவு கொடியது என்பதற்குச் சிலாங்கூரின் கோலகுபுவே சான்று. வெள்ளத்தின் பொருட்டு ஒரு மாவட்டத் தலைநகரையே பெயர்த்த வரலாறு அது. ஆதலின் சற்று விரிவாகவே பார்க்கவேண்டும்.

கோலகுபு உலு சிலாங்கூரின் ஈயநகரம். அதன் மேற்புறத்தில் பழைய அணை ஒன்று இருந்தது. 1883-ம் ஆண்டு அக்டோபர் 29-ம் நாள் அந்த அணை உடைந்தது. ஊரில் பலர் மாண்டனர். மாவட்ட அதிகாரியாக இருந்த சிசில் ராங்கிங் என்ற ஆங்கிலேயரும் அவ்வெள்ளத்தில் உயிரிழந்தார். அணையைக் காத்த வெள்ளை முதலையைச் சுட்டதால் வந்த வினை என்று ஊரார் கதை கட்டினர். அக்கதை இன்றும் வழங்குகிறது. அதன் பிறகாவது ஊரை மாற்றினார்களா? இல்லை. அதே இடத்தில் மீண்டும் கட்டினர். கடையும் கச்சேரியும் மருத்துவமனையும் அங்கேயே நின்றன. ஈயச் சுரங்கங்களின் கழிவு மண் ஆண்டுதோறும் ஆற்றுப் படுகையை உயர்த்திற்று. 1920-களில் வெள்ளம் அடிக்கடி ஊரைச் சூழ்ந்தது. கட்டடங்களின் கீழ்ப்பகுதி வண்டலில் புதைந்தது.

1921-ல் மலாய்க் கூட்டரசின் நகரமைப்பு அதிகாரியாகச் சார்லஸ் ரீட் என்பவர் வந்து சேர்ந்தார். நியூசிலாந்தில் பிறந்தவர், தென் ஆஸ்திரேலியாவில் நகரமைப்பு வேலை பார்த்தவர், தோட்ட நகரக் கொள்கையில் உறுதியுடையவர். புதிய நகருக்கு அவர் வகுத்த திட்டத்தின்படி மேட்டுநிலத்தில் கோலகுபு பாரு எழுந்தது. 1930-ஐ ஒட்டி ஊர் இடம் மாறிற்று. அரசாங்க அலுவலகங்களின் பகுதி, கடைத்தெரு, குடியிருப்பு எனப் பிரித்து, இடையிடையே பசுமைத் திடல்களை விட்டனர். முதல் வெள்ளத்திற்கும் இடமாற்றத்திற்கும் இடையே சென்றவை ஏறத்தாழ 47 ஆண்டுகள். ஒரு மாவட்ட அதிகாரியின் உயிர்கூட அரசாங்கத்தை உடனே அசைக்கவில்லை. அரை நூற்றாண்டு வண்டல்தான் அசைத்தது. அணை உடைந்த இடத்துக் கிராமத்தின் பெயர் அம்பாங் பெச்சா. உடைந்த அணை என்பதே அதன் நேர்ப்பொருள்.

கோலகுபு புதைந்துகொண்டிருந்த அதே காலத்தில், 1926-ம் ஆண்டு டிசம்பரில், தீபகற்பம் முழுவதையும் பெருவெள்ளம் சூழ்ந்தது. கிளந்தானில் செம்மண் கலந்து ஓடியதால் அதனைச் செந்நீர் வெள்ளம் என்றே மக்கள் அழைத்தனர். கோலாலம்பூர்த் தெருக்களில் படகு சென்றது. 1932-ல் வடிகால், பாசன இலாகா தனியாக அமைக்கப்பட்டது. பெயரைக் கவனித்தால் நோக்கம் விளங்கும்: நெல்வயலுக்கு நீர் பாய்ச்சுவதும் மிகுநீரை வடிப்பதுமே அதன் தொடக்க வேலை. கட்டடம் எங்கே நிற்கவேண்டும் என்பது அதன் கேள்வியன்று. 1971 ஜனவரியில் மீண்டும் நாடு மூழ்கிற்று. அவ்வாண்டு டிசம்பர் 21-ம் நாள் அமைச்சரவை நிரந்தர வெள்ளக் கட்டுப்பாட்டு ஆணைக்குழுவை அமைத்தது. 1974-ன் சாலை, வடிகால், கட்டடச் சட்டமும் 1976-ன் நகர், நாட்டுப்புறத் திட்டச் சட்டமும் அதன்பின் வந்தன. 2001 முதல் நடைமுறைக்கு வந்த மழைநீர் வடிகால் கையேடு, புதிய கட்டுமானம் தன் நிலத்தில் பெய்யும் மழையைப் பிறர் தலையில் தள்ளாமல் தானே தேக்கி விடவேண்டும் என்ற கொள்கையைக் கொண்டுவந்தது.

கட்டடத்தின் வகையைப் பார்த்து இடம் குறிக்கும் விதி வேறு இடத்தில் தெளிவாக எழுதப்பட்டது. 1975-ல் இந்தியாவின் மத்திய நீர் ஆணையம் வெள்ளநிலங்களை வகுப்பதற்கு ஒரு மாதிரி மசோதாவை எழுதி மாநிலங்களுக்கு அனுப்பிற்று. அதனையொட்டிய வழிகாட்டுதலில் கட்டடங்கள் மூன்று தரமாக நிற்கின்றன. மருத்துவமனை, மின் நிலையம், குடிநீர் நிலையம், தொலைபேசி நிலையம், விமான நிலையம், இருப்புப்பாதை நிலையம், தொழிற்சாலை ஆகியவை முதல் தரம். இவை நூறாண்டு வெள்ளத்தின் மட்டத்துக்கு அல்லது இதுவரை கண்ட மிக உயர்ந்த வெள்ளத்தின் மட்டத்துக்கு மேலே இருத்தல் வேண்டும். பொது நிறுவனங்கள், அரசாங்க அலுவலகங்கள், பல்கலைக்கழகங்கள், நூலகங்கள், குடியிருப்புகள் இரண்டாம் தரம். இவற்றுக்கு இருபத்தைந்தாண்டு வெள்ளத்தின் மட்டம் போதும் என்கிறது விதி. ஆனால் ஆபத்தான பகுதியில் எழுப்பினால் தூண்களின்மேல்தான் எழுப்பவேண்டும். பூங்காவும் விளையாட்டுத் திடலும் மூன்றாம் தரம். அவை தாழ்நிலத்தில் இருக்கலாம்.

தூண்களின்மேல் என்ற அந்தத் தொடரைப் படிக்கும்பொழுது ரெம்பாவின் அடிவார வீடுகள் நினைவுக்கு வராமற் போகா. மினாங்கபாவ் தச்சன் கேட்காமலே செய்ததை, பொறியாளர் குழு கூடி மசோதாவாக எழுதிற்று.

ஐக்கிய அமெரிக்காவில் 1977-ல் அதிபர் கார்ட்டர் ஓர் ஆணை பிறப்பித்தார். வேறு இடம் இருக்கையில் கூட்டரசு நிறுவனங்கள் வெள்ளநிலத்தில் கட்டலாகாது என்பது அதன் சாரம். மறு ஆண்டு வகுத்த வழிகாட்டுதல், மருத்துவமனை போன்ற உயிர்நிலையான கட்டடங்களுக்கு ஐந்நூறாண்டு வெள்ளத்தையே கணக்கில் கொள்ளச் சொன்னது.

நூறாண்டு வெள்ளம் என்பதை நூறாண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம் என்று பலர் கொள்கின்றனர். கற்றோரும் இதில் தவறுவது உண்டு. எந்த ஓர் ஆண்டிலும் அவ்வளவு வெள்ளம் வருவதற்கு 100-க்கு 1 வாய்ப்பு உண்டு என்பதே அதன் பொருள். சென்ற ஆண்டு வந்ததனால் இவ்வாண்டு வாராது என்பதில்லை. இருபத்தைந்தாண்டு வெள்ளமெனில் வாய்ப்பு 100-க்கு 4. இதனைப் பள்ளிக் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். இருபத்தைந்தாண்டு வெள்ளத்தின் மட்டத்தில் தளம் அமைத்த தொடக்கப் பள்ளியில் ஒரு பிள்ளை ஆறு ஆண்டு படிக்கிறது. அந்த ஆறு ஆண்டில் ஒருமுறையேனும் வகுப்பறைக்குள் நீர் வரும் வாய்ப்பு 100-க்கு ஏறத்தாழ 22. அதே பள்ளியில் முப்பதாண்டு பணிபுரியும் ஆசிரியர் அதனைக் காணும் வாய்ப்பு 100-க்கு 71. கட்டடம் ஐம்பதாண்டு நின்றால் 87. நூறாண்டு வெள்ளத்தின் மட்டத்தில் கட்டியிருந்தால் இவை முறையே 6, 26, 39 ஆகக் குறையும். முப்பதாண்டுப் பணிக்காலத்தில் நூறாண்டு வெள்ளத்தைக் காண்பவர் நால்வரில் ஒருவர் என்பதும் இக்கணக்கிலிருந்து பெறப்படும்.

ஆகவே பள்ளிக்கூடத்தை இரண்டாம் தரத்தில் நிறுத்தியது அவ்விதியின் குறை என்றே சொல்லவேண்டும். வகுப்பு நடக்கும் நாளில் பள்ளி வெறும் பொது நிறுவனந்தான். வெள்ள நாளில் அது வேறாகிவிடுகிறது. இந்நாட்டில் வீடிழந்தோரைக் கொண்டுபோய்த் தங்கவைக்கும் இடம் பெரும்பாலும் பள்ளிக்கூடமே. மண்டபமும் கழிப்பறையும் திடலும் அங்கேதான் உள்ளன. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் தென் மாநிலங்கள் மூழ்கியபொழுது நெகிரி செம்பிலானும் தப்பவில்லை. 2021 டிசம்பரிலும் அப்படியே. இரு முறையும் மக்கள் பள்ளிகளில்தான் பாய் விரித்தனர். 2014 டிசம்பரில் கிளந்தானில் நிவாரண மையங்களாக இருந்த கட்டடங்களையே வெள்ளம் சூழ்ந்தது. குவாலா கிராயில் ஆற்றின் மட்டம் 34 மீட்டரைத் தாண்டிற்று; அபாய அளவு 25 மீட்டர். அவ்வூர் அரசினர் மருத்துவமனையின் தரைத்தளத்தில் நீர் புகுந்து மின்சாரம் அற்றது. நோயாளரை மேல்மாடிக்கு ஏற்றினர். தஞ்சம் புகும் கட்டடத்திற்குப் புகுந்தோரின் வீட்டைவிட உயர்ந்த மட்டம் வேண்டாவா?

தமிழகமும் இவ்வகையில் பெருமை கொள்வதற்கில்லை. மாதிரி மசோதாவை ஏற்று மணிப்பூர் 1978-ல் சட்டம் செய்தது. பின்னர் மிகச் சில மாநிலங்களே செய்தன, பெரும்பாலானவை வாளாவிருந்தன. சென்னையில் நெடும் ஏரி என வழங்கிய நீர்நிலையைத் தூர்த்தே 1920-களில் தியாகராய நகர் எழுந்தது. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில்தான் 1976-ல் வள்ளுவர் கோட்டம் திறக்கப்பட்டது. நீரின்றி உலகு அமையாமையைப் பாடிய புலவருக்கு ஏரியை அகற்றிக் கோட்டம் கட்டிய முரணைத் தமிழாசிரியர் எவரும் எண்ணிப் பார்க்கலாம். மதுரையில் உயர்நீதிமன்றக் கிளை 2004-ல் திறக்கப்பட்ட இடத்தின் பெயர் உலகனேரி. ஏரிகளைக் காக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் தமிழ்நாட்டில் 2007-ல் ஒரு சட்டம் வந்தது. எட்டு ஆண்டுகள் கழித்து, 2015 டிசம்பரில், அடையாறு பெருகியது. ஆற்றங்கரை மருத்துவமனை ஒன்றில் மின்சாரம் அற்ற நிலையில் நோயாளர் பலர் மாண்ட செய்தியைத் தமிழுலகம் முழுவதும் படித்தது. மின்னாக்கியை எந்தத் தளத்தில் வைப்பது என்பதும் விதியில் எழுதவேண்டிய பொருள் என்பது அன்று விளங்கிற்று. கட்டடம் உயர்ந்திருந்தும் மின்னாக்கி நிலவறையில் இருந்தால் கட்டடம் முழுவதும் நிலவறையில் இருப்பதற்கே ஒக்கும்.

இனித் தோட்டப் பள்ளிகளின் நிலை. 1923-ன் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்கு மேற்பட்ட தோட்டத்தில் நிர்வாகமே பள்ளி அமைக்கவேண்டும் என்று விதித்தது. எங்கே அமைப்பது என்பது துரையின் விருப்பம். பால் காய்ச்சித் தகடாக்கும் ஸ்டோருக்கு ஓடைநீர் வேண்டும். ஆதலால் ஸ்டோர் தாழ்வில் எழுந்தது. பிரட்டுக் களத்துக்கும் ஸ்டோருக்கும் எட்டும் தொலைவில் லயங்கள் எழுந்தன. லயத்தின் ஓரத்தில் பள்ளி. பால்மரம் நல்ல வடிகாலுள்ள சரிவை விரும்பும். சரிவை மரத்துக்குக் கொடுத்துவிட்டு மிஞ்சியதை மனிதருக்கு ஒதுக்கிய தோட்டங்கள் பல. துரையின் பங்களா மட்டும் குன்றின் உச்சியில் நின்றது. காற்றுக்காக என்பார்கள், நீர் எவ்வளவு உயரம் ஏறும் என்பதும் துரைக்குத் தெரியாததன்று.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வளர்ச்சித் திட்டங்களுக்கு விற்கப்பட்டும் போனபின், பல தமிழ்ப்பள்ளிகள் இடம் மாறின, இன்னும் மாறுகின்றன. பள்ளிக்கென ஒரு துண்டு நிலம் கிடைப்பதே பெரும் போராட்டம். போராடிப் பெற்ற நிலத்தை, அது எத்தகையது என்று கேளாமல், நன்றியோடு ஏற்பதே நம்மவர் வழக்கமாகிவிட்டது. ஏக்கர் எத்தனை என்று கேட்போம், பட்டா யார் பெயரில் என்று கேட்போம். அந்நிலத்தில் இதுவரை ஏறிய நீரின் உயரம் எவ்வளவு என்று பள்ளி வாரியக் கூட்டத்தில் எழும் கேள்வி அரிது. 1974-ன் சட்டப்படி கட்டடத் திட்டத்தை உள்ளாட்சி மன்றம் ஒப்பவேண்டும். வடிகால், பாசன இலாகாவின் கருத்தும் கேட்கப்படும். ஒப்புதல் வருமுன்னரே, தளமட்டம் எந்த வெள்ளத்தைக் கணக்கிட்டு வகுக்கப்பட்டது, இருபத்தைந்தாண்டா நூறாண்டா என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுவதற்கு வாரியத்துக்குத் தடை ஏதும் இல்லை. கட்டியபின் தளத்தை உயர்த்த முடியாது. திடலைத் தாழ்வில் வைத்து வகுப்பறையை மேட்டுக்கு நகர்த்துவது வரைபடத்தில் ஒரு கோடுதான்.

இலாகாவின் கணக்கு வருமுன் ஊர்ப்பெயரையும் கேட்கலாம். பாயா என்றால் சதுப்பு. லூபோக் என்றால் ஆற்றின் ஆழ்ந்த மடு; ரெம்பாவை ஒட்டி மலாக்கா எல்லையில் லூபோக் சீனா என்ற ஊர் உண்டு, இசபெல்லா பேர்ட் கண்ட சந்திக்கு வரும் நீரோடு தொடர்புடைய பெயர். குவாலா என்றால் கழிமுகம் அல்லது கூடுதுறை. புக்கிட் என்றால் குன்று. பெர்மாத்தாங் என்றால் தாழ்நிலத்திடையே நீண்டு உயர்ந்த திடர். நம் பக்கத்து மடு, திட்டு, மேடு, பள்ளம் போன்றவையே இவையும். நில அளவையாளர் வருவதற்கு முன்பே அந்நிலத்தில் நீர் நின்றதைக் கண்டவர் வைத்த பெயர்கள் இவை. தோட்டத்து முதியோரும் இவ்வகையில் நல்ல சான்றாளர். எந்த ஆண்டு கான் நிரம்பி லயத்தின் எந்தப் படிவரை நீர் வந்தது என்று அவர்கள் விரலால் காட்டுவர். அந்தப் படியை அளந்து, ஆண்டோடு சேர்த்துப் பள்ளியின் குறிப்பேட்டில் எழுதிவைப்பதற்குச் செலவு ஒன்றுமில்லை.